தூக்கிக் கட்டிய வீடுகள்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஆகச் சிறியது திரௌபதி ரதம். மற்ற நான்கும் கோயில் விமானங்களாக நிற்க, இது மட்டும் குடிசையாக நிற்கிறது. நாற்புறமும் வளைந்து இறங்கும் அதன் கூரையைப் பார்க்கும் எவருக்கும் ஓலையோ வைக்கோலோ வேய்ந்த வீடுதான் நினைவுக்கு வரும். மரமும் ஓலையும் சில பத்தாண்டுகளில் மட்கிவிடும். ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் அந்த வடிவத்தைப் பாறையில் வெட்டி வைத்ததால்தான், நம் முன்னோரின் குடிசை எப்படி இருந்தது என்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்த சாட்சி ஒன்று நம்மிடம் இருக்கிறது.

கூரையை ரசிப்பவர்கள் பலரும் அடித்தளத்தைக் கவனிப்பதில்லை. அங்கே யானைகளும் சிங்கங்களும் மாறி மாறி நின்று மேடையைச் சுமக்கின்றன. அந்த மேடைமேல்தான் குடிசை. விலங்குகள் சிற்பியின் கற்பனை என்றாலும், வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும் என்ற எண்ணம் கற்பனையில் பிறந்ததன்று. திண்ணை வைத்த வீடு, படியேறிப் போகும் கோயில், கல்லின்மேல் நிறுத்திய நெற்குதிர் என்று நம் ஊர்க் கட்டடங்கள் யாவும் தரையோடு ஒட்டாமல் சற்றே விலகி நிற்கின்றன. இந்த விலகலை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் மலைவாழ் மக்கள். அவர்கள் வீட்டுக்குக் கால்களே வைத்துவிட்டார்கள்.

தரையில் இருக்கும் எதிரிகள்

மண்தரைக்குக் கீழே நீர் இருக்கிறது. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள நுண்துளைகள் அந்த நீரை மேல்நோக்கி உறிஞ்சுகின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். தடுப்பு வைக்காமல் கட்டிய பழைய சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஈரப் பட்டை தெரிவது இதனால்தான். கடற்கரை ஊர்களில் அந்த நீரோடு உப்பும் ஏறும். நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகி, துளைக்குள் பருத்து, சுவர்ப்பூச்சைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். சுவர் உப்புப் பூத்துவிட்டது என்று முட்டுக்காடு முதல் கல்பாக்கம்வரை வீட்டுக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

இரண்டாவது எதிரி கறையான். மரத்தைத் தின்னும் கறையான் இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கூடு கட்டுபவை. அவற்றின் மெல்லிய உடல் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். எனவே மண்ணால் சுரங்கம் கட்டி, அதன் ஈரத்துக்குள்ளேயே மரத்தை அடைகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களுக்குக் கறையானின் வாழ்க்கை மனப்பாடம். முதல் மழைக்குப் பிறகு எந்தப் புற்றிலிருந்து எப்போது ஈசல் கிளம்பும் என்று அறிந்து பிடிப்பவர்கள் அவர்கள். தரையோடு ஒட்டிய வீட்டில் கறையான் சுவருக்குள்ளேயே ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. வீடு கால்களில் நின்றால் அந்தச் சுரங்கம் கால்களின் வெளிப்புறத்தில் ஏறியாக வேண்டும். பார்த்தவுடன் சுரண்டி எறிந்துவிடலாம். காலுக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டால் மரமும் மண்ணும் நேரடியாகத் தொடுவதே இல்லை.

இவற்றோடு எலி, பாம்பு, மழைவெள்ளம். மலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சமதளமே கிடையாது.

சரிவில் நிற்கும் கால்கள்

அருணாசலப் பிரதேசத்தின் மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் பல. செங்கல்பட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,200. அவ்வளவு மழை வழியும் சரிவில் வீடு கட்ட இரண்டு வழிகள் உண்டு. சரிவை வெட்டிச் சமதளமாக்குவது ஒன்று. வெட்டிய இடத்தில் மேற்புற மண் தன் பிடிமானத்தை இழக்கிறது. கொட்டி நிரப்பிய மண்ணுக்கோ இறுக்கம் வருவதில்லை. பெருமழையில் நீர் ஊறி எடை கூடியதும் இரண்டும் சரியும். உதகையிலும் கொடைக்கானலிலும் சாலையோரச் சரிவுகள் மழைக்காலந்தோறும் நமக்குக் காட்டுவது இதுதான்.

இரண்டாவது வழி, சரிவைத் தொடாமல் கால்களின் நீளத்தை மாற்றுவது. மேட்டுப்பக்கம் குட்டைக் கால், பள்ளத்துப் பக்கம் நெட்டைக் கால், நடுவில் சமமான மூங்கில் தளம். ஆதி, நிஷி போன்ற மக்களின் வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன. மழைநீர் வீட்டுக்கு அடியில் தன் பழைய வழியிலேயே ஓடிப்போகும். மண்ணை யாரும் கலைக்காததால் மண்ணும் வீட்டைக் கலைக்கவில்லை.

கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ள ஜீரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானி மக்களுக்குச் சரிவுப் பிரச்சினை குறைவு. அவர்களிடம் சமதளம் இருக்கிறது, ஆனால் அதை நெல்வயலுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நெல்லோடு மீனும் வளர்க்கும் அந்த வயல்கள் போக மிஞ்சிய மேட்டுநிலத்தில் நெருக்கமாக வரிசை வைத்து வீடுகள் எழும்பின. அவையும் கால்களின் மேல்தான். கால்களுக்கு மரம், தளத்துக்கும் சுவருக்கும் மூங்கில்.

மூங்கில் இந்த வேலைக்கென்றே பிறந்த பொருள். உள்ளே வெற்றிடம், வலிமையான நார்களெல்லாம் வெளிப்புறத் தோலை ஒட்டி நெருங்கி நிற்கின்றன. ஒரு கம்பை வளைக்கும்போது அதன் வெளிவிளிம்புதான் அதிக இழுவிசையையும் அமுக்கத்தையும் தாங்குகிறது, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. வேலை இருக்கும் இடத்தில் பொருளை வைத்து, இல்லாத இடத்தில் எடுத்துவிட்டது மூங்கில். அதனால் ஒரே எடையுள்ள திடக்கம்பைவிடக் குழாய் வடிவம் வளைவை நன்றாகத் தாங்கும்.

அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டுகள் வந்து துளையிட, மூங்கில் உளுத்துப்போகும். நீரில் பல வாரம் ஊறவைத்து அந்தச் சத்தைக் கரைத்தெடுப்பது ஒரு வழி. மலைவீடுகளில் இன்னொரு காவலும் இருக்கிறது. வீட்டுக்குள் மூங்கில் தளத்தின்மேல் மண் பரப்பிய அடுப்பு. அதற்கு மேலே இறைச்சியும் தானியமும் விறகும் உலர்த்தும் பரண். புகைபோக்கி கிடையாது. புகை கூரைவழியே மெல்லக் கசிந்து வெளியேறும்போது தன்னிடமுள்ள தார்போன்ற சேர்மங்களை மூங்கிலில் பூசிவிடுகிறது. கருத்துப்போன அந்த மூங்கிலை வண்டும் பூஞ்சையும் எளிதில் நெருங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்தப் புகையையே சுவாசிக்கும் நுரையீரல்தான் இதற்கு விலை கொடுக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தளத்துக்கு அடியில் இருக்கும் இடமும் வீண் அல்ல. அங்கே பன்றியும் கோழியும் வளரும். மூங்கில் இடுக்குகள் வழியே விழும் மிச்சம்மீதி அவற்றுக்குத் தீனி.

எலிக்கு ஒரு தட்டு

வீட்டைவிடக் கவனமாகத் தூக்கிக் கட்டப்படுவது களஞ்சியம். ஆதி மக்களும் அபதானி மக்களும் அதைக் குடியிருப்பிலிருந்து தள்ளியே அமைப்பார்கள். நெருங்கி நிற்கும் மூங்கில் வீடுகளில் தீப்பிடித்தால் ஒரு வரிசை முழுதும் போய்விடும். அப்போதும் நெல் மிஞ்ச வேண்டும். ஆதிகளின் களஞ்சியக் கால்களில் தளத்துக்குச் சற்றுக் கீழே அகலமான மரத்தட்டு செருகியிருக்கும். எலி நகத்தை ஊன்றிச் செங்குத்தான காலில் ஏறிவிடும். தட்டின் அடிப்பக்கம் வந்ததும் தலைகீழாகத் தொங்கியபடி விளிம்புவரை நகர்ந்து, வெளியே வளைந்து மேலே ஏற வேண்டும். அங்கேதான் அது தோற்கும். ஸ்பெயினின் கலீசியா பகுதியில் கல்தூண்மேல் நிற்கும் தானியக் களஞ்சியங்களிலும் இதே தட்டு, கல்லால் செய்யப்பட்டு இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிறுகளில் மாட்டியிருக்கும் வட்டத் தகடும் எலிக்காகத்தான். ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே எதிரியைப் பார்த்து ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

எலியை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மிசோரம் சான்று. அங்கே மலைகளை மூடியிருக்கும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் படையெடுக்கும். ‘மௌதாம்’ எனப்படும் இந்தப் பஞ்சம் 1958–59இல் வந்தபோது, நிவாரணத்துக்காக உருவான ஓர் அமைப்பு 1961இல் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியானது. 1966இல் அது ஆயுதம் ஏந்தியது. அமைதி உடன்பாடு 1986இல்தான் வந்தது. அடுத்த பூப்பு 2006ஐ ஒட்டி, கணக்குத் தவறாமல் வந்தது.

மலையிலிருந்து இறங்கிய வீடு

மிசிங் மக்கள் மலையிலிருந்து பிரம்மபுத்திரா சமவெளிக்கு இறங்கி வந்தவர்கள். மஜுலி போன்ற ஆற்றுத்தீவுகளில் சரிவே இல்லை. ஆனாலும் வீட்டுக்குக் கால் வைக்கும் வழக்கத்தை விடவில்லை. மலையில் சரிவுக்காக இருந்த கால், சமவெளியில் வெள்ளத்துக்கு உதவியது. ‘சாங் கர்’ எனப்படும் அந்த வீட்டின் தளத்தை, முந்தைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று பார்த்து அதற்கு மேலே அமைப்பார்கள். தளம் கால்களோடு கட்டப்பட்டிருப்பதால், கட்டை அவிழ்த்து இன்னும் உயரத்தில் கட்டவும் முடியும். தாம்பரம், வேளச்சேரிப் பக்கம் சாலை மேடாகிக்கொண்டே போக, பள்ளத்தில் சிக்கிய வீடுகளை வரிசையாக ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கும் வேலை இன்று தனித் தொழிலாகவே நடக்கிறது. மிசிங் குடும்பம் அந்த வேலையை அண்டை வீட்டாரின் உதவியோடு முடித்துவிடும்.

ஏன் முடிகிறது? வீடு லேசானது. மலைவீட்டின் உண்மையான பலம் இந்த லேசில்தான் இருக்கிறது. அதை மிகக் கடுமையாகச் சோதித்துக் காட்டியது 1897 ஜூன் 12ஆம் நாள் அசாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம் அந்த அழிவை ஊர் ஊராக ஆராய்ந்தார். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமாகியிருந்தன. மரச்சட்டத்தில் நாணல் வைத்துப் பூசிய வீடுகளில் பாதி சேதமாகியிருந்தன. மரக்கட்டைகளின்மேல், தரையோடு பிணைக்காமல் வைத்த பலகை வீடுகள் பிழைத்திருந்தன. இதே ஓல்டாம்தான் பின்னர், 1906இல், நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமிக்கு உட்கரு உண்டு என்று காட்டியவர்.

காரணம் நியூட்டன் சொன்னதுதான்: விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. தரை குலுங்கும் முடுக்கம் எல்லா வீட்டுக்கும் ஒன்று. வீடு பத்துமடங்கு கனமானால் அதன் கால்கள்மேல் வரும் விசையும் ஏறத்தாழ பத்துமடங்கு. மூங்கிலைப் பிரம்பால் கட்டிய முடிச்சுகள் இறுக்கமான இணைப்புகள் அல்ல. குலுங்கும்போது அவை சற்றே வழுக்கி, உராய்ந்து, அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தீர்க்கின்றன. வீடு ஆடும்; உடையாது.

எல்லா மலைக்கும் கால் இல்லை

மலைவாழ் மக்கள் என்றால் கால்வீடுதான் என்று எண்ணிவிடக் கூடாது. நம் நீலகிரியின் தோடர்கள் 2,000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிகளில் வாழ்பவர்கள். அவர்களின் மரபுவழி வீடு அரைவட்டக் கூரையோடு தரையைத் தழுவி நிற்கிறது. வாசல் சுமார் மூன்று அடிதான். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அங்கே எதிரி குளிரும் காற்றும். அடியில் காற்று நுழையும் வீடு உறைபனி இரவில் தாங்காது. உள்ளிருக்கும் சூட்டைக் காக்க, வீடு தாழ்ந்து மூடிக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் காணிகள் போன்றோர் மரத்தின்மேல் கட்டும் குடில்களோ யானைக்குப் பயந்து எழும்பியவை. தினைப்புனம் காக்கும் பரணும் அதே குடும்பம். சங்க காலக் குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் மலைப்பெண்கள் கிளி விரட்டியது அந்தப் பரண்மேல் இருந்துதான்.

செங்கல்பட்டுச் சமவெளி ஏன் கால் வைக்கவில்லை? இங்கே மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலே பெரும்பாடு. பூமியின் வெப்பநிலை சில மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். மே மாதப் பிற்பகலில் வெளியே 40 டிகிரி சுடும்போது, மண்ணோடு ஒட்டிய தரை வீட்டின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. சாணி மெழுகிய தரையில் வெறுமனே படுத்தவர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அதோடு இது புயல் கரை. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். தரையிலிருந்து உயர உயரக் காற்றின் வேகம் கூடும். லேசான வீட்டின் அடியில் புகுந்த காற்று அதைத் தூக்கவும் செய்யும். எனவே இந்தக் கடற்கரையின் குடிசைகள் கூரையைத் தாழ இறக்கி, குனிந்து நுழையும்படி நின்றன. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் இருக்கும் ஆந்திரக் கடற்கரையின் ‘சுட்டில்லு’ வட்ட வீட்டைப் பாருங்கள். மூலை இல்லாத சுவரும் தாழ்ந்த கூரையும் புயலுக்குப் பிடி கொடுக்காத வடிவம். வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் இரண்டு மூன்று அடித் திண்ணை போதும் என்று இந்த ஊர் முடிவு செய்தது. ஊரின் தண்ணீரை ஏரிகளும் கால்வாய்களும் பார்த்துக்கொண்டவரை அந்த முடிவு சரியாகவே இருந்தது.

கார் நிற்கும் கால்வீடு

இன்று பழைய மகாபலிபுரம் சாலையிலும் கூடுவாஞ்சேரியிலும் எழும் அடுக்ககங்கள் பெரும்பாலும் கால்வீடுகளே. கீழே தூண்கள், வாகன நிறுத்தம், மேலே குடியிருப்பு. ‘ஸ்டில்ட் பார்க்கிங்’ என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தரைத்தளத்தைக் குடியிருப்பாக வைத்தவர்களைவிடத் தூண்மேல் இருந்தவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். கார் போனது, வீடு தப்பியது.

ஆனால் மலைவீட்டிலிருந்து கால்களை எடுத்துக்கொண்டவர்கள் லேசை எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே ஏறத்தாழ 30 டன். சுவர், உத்தரம், தரைக்கல் இதில் சேராது. அப்படி நான்கு தளங்களைச் சில தூண்கள் சுமக்கின்றன. மேல் தளங்களில் அறைச்சுவர்கள் நிறைந்திருப்பதால் அவை ஒரே விறைப்பான பெட்டியாகிவிடுகின்றன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லை. நிலம் பக்கவாட்டில் குலுங்கினால் வளைய வேண்டிய வளைவு முழுவதும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து சேர்கிறது. பொறியாளர்கள் இதை ‘மென்தளம்’ என்பார்கள்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் இதை அம்பலமாக்கியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் தூண்மேல் நின்ற அடுக்ககங்கள் பல இடிந்தன. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை 1893, மென்தளத் தூண்களை வழக்கமான கணக்கைவிட 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. அதே திருத்தம் சென்னையையும் சுற்றுப்பகுதியையும் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. இந்தக் கரைக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கத்தில் சென்னைவரை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

கடலோரத்தில் கால்களுக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஓடும் நீர் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வரும் நீர் ஒரு சதுர மீட்டர் சுவர்மேல் ஏறத்தாழ 200 கிலோ எடையளவு அழுத்தும். வேகம் இரட்டித்தால் 800 கிலோ. சுவரை எடுத்துவிட்டுத் தூணை மட்டும் வைத்தால் நீருக்கு மோத இடமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் புகுந்த பிறகு, கடலோரப் பாதுகாப்பு மையங்களைத் தூண்மேல் கட்டுவதன் நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. எனினும் தூண் நிற்பது மணலில். தூணைச் சுற்றி ஓடும் நீர் சுழித்து அடிமணலை வாரிக்கொண்டு போகும். அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுமே, அதுதான் தூணுக்கும் நடக்கிறது. அரிக்கக்கூடிய ஆழத்தையும் தாண்டி அடித்தளம் இறங்கியிருந்தால்தான் உயரத்துக்குப் பொருள் உண்டு.

ஆக, வாகன நிறுத்தத்தின்மேல் வீடு வாங்கப் போகிறவர் கட்டுநரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. கீழ்த்தளத்தில் மின்தூக்கியைச் சுற்றியோ வேறு இடங்களிலோ கான்கிரீட் சுவர்கள் அடித்தளம்வரை இறங்குகின்றனவா? தூண்கள் நிலநடுக்க விதிப்படி கணக்கிடப்பட்டவை என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா? தூண்களில் வளையக் கம்பிகள் முனைகளில் நெருக்கமாகக் கட்டப்பட்டனவா? குடியேறிய பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று: வாகன நிறுத்தத்தின் ஒரு மூலையை மட்டும் செங்கல்லால் அடைத்துக் காவலர் அறையோ கடையோ ஆக்குவது. அந்த மூலை விறைத்துக்கொள்ள, மறுமூலை தளர்ந்தே நிற்கும். நிலம் குலுங்கும்போது கட்டடம் நேராக ஆடாமல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அதிகம் வாங்குவது சுவரிலிருந்து தள்ளி மறுகோடியில் நிற்கும் தூண்கள்தான். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது அந்த மூலையை அடைக்க யோசனை சொன்னால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று எழுந்து சொல்வதற்கு இந்த அளவு அறிவியல் போதும்.